விமானத்தில் எந்தப் பக்கத்து ஜன்னல்? காட்சி தவறாமல் சீட் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும் விமானத்தில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு தௌலகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என்று எட்டாயிரம் மீட்டர் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதே வரிசையில் வலப்பக்கம் உட்கார்ந்தவருக்குக் கங்கைச் சமவெளியின் புழுதி மூட்டம்தான். ஜன்னல் சீட் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற நாம், எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதை மட்டும் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம். பத்து நிமிடம் செலவழித்தால் இதை முன்கூட்டியே கணித்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இமயமலை மாதிரி விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், கண்ணுக்கு விருந்து கிடைப்பது விமானம் ஏறும் முதல் பத்து நிமிடத்திலும் இறங்கும் கடைசி இருபது நிமிடத்திலும்தான். 35,000 அடியிலிருந்து பார்த்தால் கீழே ஒரு ஊர் இருப்பது தெரியும்; 3,000 அடியில் அந்த ஊரின் கோபுரமும் குளமும் தெருவும் தெரியும். அதனால் வழியில் என்ன வருகிறது என்பதைவிட, விமானம் எந்தத் திசையிலிருந்து வந்து இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் பக்கத்தை முடிவு செய்வேன். கீழே சொல்வதெல்லாம் இந்த எண்ணத்தின் மேல் நிற்பவை.

முதல் படி: எழுத்தையும் திசையையும் பொருத்துவது

விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் உங்கள் இடது கைப் பக்கம் எப்போதும் 'ஏ' சீட். நம் உள்நாட்டுப் பயணங்களில் அதிகம் வரும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டிலும் வலப்பக்க ஜன்னல் 'எஃப்'. ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் ஒரு வரிசைக்கு நான்கே சீட். அங்கேயும் 'ஏ' இடது, கடைசி எழுத்து வலது. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் வலது ஜன்னல் பெரும்பாலும் 'கே'.

அடுத்தது திசை. வடக்கே பறந்தால் இடப்பக்கம் மேற்கு, வலப்பக்கம் கிழக்கு. தெற்கே பறந்தால் அப்படியே மாறும். கிழக்கே பறந்தால் இடது வடக்கு, வலது தெற்கு. மேற்கே என்றால் இடது தெற்கு, வலது வடக்கு. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. போனில் மேப்பைத் திறந்து, புறப்படும் ஊர் கீழேயும் போய்ச் சேரும் ஊர் மேலேயும் வரும்படி இரண்டு விரலால் சுழற்றுங்கள். இப்போது திரையின் இடப்பக்கம் இருப்பதெல்லாம் 'ஏ' சீட்டுக்காரர் பார்ப்பது. திரும்பி வரும்போது பக்கம் மாறும் என்பதை மறக்காதீர்கள். போகும்போது 'ஏ' என்றால் வரும்போது 'எஃப்'.

இரண்டாம் படி: உண்மையான தடத்தைப் பார்ப்பது

மேப்பில் நாம் போடும் நேர்கோட்டில் விமானம் போவதில்லை. வான்வழித் தடங்கள், ராணுவப் பகுதிகள், மழை மேகம் எல்லாம் சேர்ந்து அதை வளைக்கும். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் அது பறந்த பாதை கோடாக வரும். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து நாட்களைப் பார்த்தால் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று தெரிந்துவிடும். கோட்டின் நடுப்பகுதியைவிட இரு முனைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். விமானம் நேராக வந்து இறங்குகிறதா, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அமெரிக்கா, கனடா போன்ற நீண்ட பயணங்களில் தட்டையான மேப் ஏமாற்றும். பூமி உருண்டை என்பதால் குறுக்கு வழி வடக்கே வளைந்து போகும். அவற்றுக்குத் தடப்பதிவை மட்டுமே நம்புங்கள்.

மூன்றாம் படி: எந்த ரன்வே, எந்தத் திசை?

பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரன்வேயின் எண் ஒரு திசைக் கணக்கு. 07 என்றால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 70 பாகை, அதாவது ஏறத்தாழ கிழக்கு நோக்கி. அதே ரன்வேயை எதிர்முனையிலிருந்து பயன்படுத்தினால் 25, அதாவது 250 பாகை, மேற்கு நோக்கி. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். எனவே காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதே நீங்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். அதன் பிரதான ரன்வே 07/25. மேற்கிலிருந்து காற்று வீசும்போது விமானம் கடல் பக்கமிருந்து 25இல் இறங்கும். வங்கக் கடலின் மேல் திரும்பி, சாந்தோம் பக்கமாகக் கரையைக் கடந்து, நகரத்தின் தலைக்கு மேலே வரும். அப்போது வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால் மெரினாவின் நீண்ட மணல்பட்டையும் அதன் வடகோடியில் துறைமுகமும் முழுசாகத் தெரியும். இன்னும் இறங்கி வரும்போது அதே பக்கம் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையங்கள், கடைசியாகக் கண் மட்டத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை. இடப்பக்கம் உட்கார்ந்தால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், பெசன்ட் நகர் கடற்கரை, அப்புறம் கான்கிரீட்டுக்கு நடுவே திடீரென்று கரும்பச்சையாக விரியும் கிண்டி தேசியப் பூங்கா. இரண்டுமே நல்ல பக்கங்கள்தான். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் வலப்பக்கம் கேட்பேன். மெரினாவை அதன் முழு நீளத்தில் பார்க்க வேறு வழியில்லை.

வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் கதை மாறும். விமானம் மேற்கிலிருந்து 07இல் இறங்கும். அப்போது இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியும் அதற்குப் பிறகு போரூர் ஏரியும் வரும். மழை பெய்து நிறைந்திருக்கும் கார்த்திகை, மார்கழியில் செம்பரம்பாக்கத்தை மேலிருந்து பார்ப்பவருக்கு, சென்னை குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். வலப்பக்கத்தில் தாம்பரமும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும்.

புறப்படும்போதும் இதே கணக்குதான். 07இல் ஏறினால் கடலை நோக்கிப் போவீர்கள். இப்போது மெரினா இடப்பக்கம் வரும், அடையாறு வலப்பக்கம் வரும். எந்த ரன்வே என்று முந்தைய நாளே முழு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரத்துத் தடப்பதிவைப் பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம்.

திருச்சிக்குக் கணக்கு இன்னும் எளிது. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. ரன்வே கிழக்கு மேற்காக, 09/27. கிழக்கிலிருந்து 27இல் இறங்கினால் மலைக்கோட்டையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கமும் வலப்பக்கம். மேற்கிலிருந்து 09இல் இறங்கினால் இடப்பக்கம். எந்த ஊராக இருந்தாலும் இதே மாதிரி யோசியுங்கள்: விமான நிலையம் ஊருக்கு எந்தத் திசையில் இருக்கிறது, ரன்வே எப்படிக் கிடக்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

எவ்வளவு தூரத்திலிருந்து கவனிக்க ஆரம்பிக்க வேண்டும்? 35,000 அடியில் பறக்கும் விமானம் ஏறத்தாழ 190, 200 கிலோமீட்டர் முன்பிருந்தே இறங்கத் தொடங்கும். காதில் அடைப்பும் எஞ்சின் சத்தம் தணிவதும் தெரிந்தவுடன் புத்தகத்தை மூடிவிடலாம்.

நான்காம் படி: சூரியன்

சரியான பக்கத்தில் உட்கார்ந்தும் ஒன்றும் பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். சூரியன் நேராக ஜன்னலில் விழுந்தால் கண்ணாடியின் ஒவ்வொரு கீறலும் ஒளிரும், வெளியே எல்லாம் வெளிறிவிடும், கடைசியில் மூடியை இறக்கிவிடுவோம்.

காலையில் சென்னையிலிருந்து டெல்லி போகிறீர்கள். வடக்கு நோக்கிய பயணம். சூரியன் கிழக்கே, வலப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தரை தெளிவாகத் தெரியும். கிருஷ்ணா நதியின் ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கங்களும் வழக்கமாக அந்தப் பக்கமே வருகின்றன. மாலையில் அதே விமானம் என்றால் வெயில் இடப்பக்கத்துக்கு வந்துவிடும். அப்போது வலப்பக்கத்தைப் பரிசீலியுங்கள். கிழக்கு மேற்காகப் போகும் விமானங்களில் மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்கச் சூரியன் தெற்குப் பக்கமே சாய்ந்திருக்கும். வடக்குப் பக்க ஜன்னல்தான் சுகம். ஆனி, ஆடியில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் காலை வேளையில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஆனால் வெயில் பக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. தண்ணீர் நிறைந்த நிலத்தின் மேல் பறக்கும்போது சூரியன் இருக்கும் பக்கம்தான் அழகு. மழைக்காலம் முடிந்த கையோடு ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் பறந்து பாருங்கள். கீழே நூற்றுக்கணக்கான கண்மாய்கள். சூரியனின் பிரதிபலிப்பு விமானத்தோடு கூடவே ஓடிவரும். ஒரு கண்மாய் பளிச்சென்று வெள்ளியாக மின்னி அணையும், அடுத்த நொடி அதற்கு அடுத்த கண்மாய். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே வெறும் கரை மட்டும் மிச்சம் என்று அந்த மின்னலே காட்டிக்கொடுத்துவிடும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை விமானத்தில் போனால் மன்னார் வளைகுடாக் கரையும் உப்பளங்களும் சூரியனோடு சேர்ந்து இடப்பக்கம் இருக்கும். கண் கூசினாலும் நான் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

வெயில் இல்லாத பக்கத்துக்கு என்று ஒரு தனிப் பரிசும் உண்டு. மேகக்கூட்டத்துக்குச் சற்று மேலே பறக்கும்போது, விமானத்தின் நிழல் மேகத்தின் மேல் விழும். அந்த நிழலைச் சுற்றி வட்ட வட்டமாக வானவில் நிறங்கள் தெரியும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் மட்டுமே தோன்றும் என்பதால், வெயில் பக்கம் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஐந்தாம் படி: எந்த வரிசை?

பக்கம் சரியாக இருந்தும் இறக்கையின் மேல் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமும் அலுமினியத் தகட்டைத்தான் பார்க்க வேண்டும். ஏ320இல் சுமார் 10ஆம் வரிசையிலிருந்து 20ஆம் வரிசை வரை கீழ்ப்பார்வையை இறக்கை மறைக்கும். ஏ321 நீளமானது, அதில் இந்தப் பகுதி இன்னும் பின்னால் தள்ளிப்போகும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகள்தான் முதல் தேர்வு. பின்பக்கம் என்றால் கடைசி ஆறேழு வரிசைகளுக்குப் போய்விடுங்கள். ஒரு குறை உண்டு: பின்னாலிருந்து சற்று முன்னோக்கிப் பார்க்கும்போது எஞ்சினின் சூடான காற்று குறுக்கே வந்து காட்சியை நெளிய வைக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, படத்தில் தெரியும்.

ஜன்னல் சீட் என்று போட்டிருந்தும் ஜன்னலே இல்லாத இடங்களும் உண்டு. போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் சுவருக்குள் ஏசி குழாய் ஓடுவதால் இடப்பக்கம் ஒரு ஜன்னல் வெறும் சுவராக இருக்கும். ஏரோலோபா என்ற தளத்தில் ஜன்னல் எங்கே, சீட் எங்கே என்று அளவு மாறாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து சீட் எடுக்கும் முன் அதில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சின்ன ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் விமானத்தை 'பழசு, ஆட்டம் அதிகம்' என்று சிலர் தவிர்ப்பார்கள். காட்சிக்கு அதைவிட நல்ல விமானம் கிடையாது. இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது, கீழே எதுவும் மறைக்காது. பறப்பதும் ஜெட் விமானத்தைவிடத் தாழ்வாக, மெதுவாக. புரொப்பெல்லருக்கு நேராக உட்காராமல் பின்பாதியில் சீட் எடுத்தால், சென்னையிலிருந்து திருச்சி வரை பாலாற்றையும் தென்பெண்ணையையும் ஏரிகளையும் வரைபடம் மாதிரி படித்துக்கொண்டே போகலாம்.

சில தடங்கள், பக்கத்தோடு

இமயமலைதான் உச்ச உயரத்திலும் காட்சி தரும் தடம். 35,000 அடியில் தொடுவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். உயரமான சிகரங்கள் என்றால் அதற்கும் அப்பாலிருந்து தலை காட்டும்.

டெல்லி - காத்மாண்டு இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். மலை வடக்கே, சூரியன் தெற்கே என்பதால் பனி முகப்பில் வெளிச்சம் விழும், கண்ணில் விழாது. மழை ஓய்ந்த ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் தெளிவு. சித்திரை, வைகாசியில் புழுதி மூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம். முதல் முறை பார்ப்பவர்கள் மலையை மேகம் என்று நினைத்துக் கடந்துவிடுவதுண்டு. கீழே தேடாதீர்கள், மலைகள் கிட்டத்தட்ட ஜன்னல் மட்டத்தில், தொடுவானத்தை ஒட்டி நிற்கும். விளிம்பு கூர்மையாக இருக்கும், வடிவம் மாறாது. தனியாக, பருத்து நிற்பது தௌலகிரி, 8,167 மீட்டர். அதற்கு அடுத்து ஒரு பெரிய இடைவெளி, அதுதான் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. இடைவெளிக்கு அந்தப்புறம் அன்னபூர்ணாத் தொடர், அதன் முன்னால் கூம்பாக மச்சபுச்சரே, அப்புறம் மனாஸ்லு. எவரெஸ்ட் காத்மாண்டுக்கும் கிழக்கே இருப்பதால் இந்தத் தடத்தில் தூரத்தில்தான் தெரியும்.

எவரெஸ்டையும் கஞ்சன்ஜங்காவையும் நன்றாகப் பார்க்க டெல்லி - பாக்டோக்ரா விமானம் ஏறுங்கள், இடப்பக்கம். அதே பாக்டோக்ராவுக்குக் கொல்கத்தாவிலிருந்து வந்தால் வடக்கு நோக்கிப் பறப்பீர்கள். 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா பைலட்டுக்கு நேர் எதிரே நிற்கும். விமானம் திரும்பும்போது மட்டுமே பயணிகளுக்குத் தரிசனம். போய்ச் சேரும் ஊரை மட்டும் வைத்துப் பக்கம் சொல்பவர்களை நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

டெல்லி - லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். இரண்டு பக்கமும் பனிமலைகள். வலப்பக்கம் காலை வெயில் என்பதாலும், 7,000 மீட்டரைத் தாண்டிய நுன், குன் இரட்டைச் சிகரங்கள் மேற்கே இருப்பதாலும் இடப்பக்கம் சிறந்தது.

தெற்கே வந்தால், சென்னை - கோவைக்கு வலப்பக்கம். மேட்டூர் நீர்த்தேக்கம், பவானிசாகர், பின்னால் சுவராக எழும் நீலகிரி. சென்னை - கொச்சிக்கு இடப்பக்கம். பழனி மலையும் ஆனைமலையும் வரும், தெளிவான காலையில் 2,695 மீட்டர் ஆனைமுடியும். சென்னை - மதுரைக்கு வலப்பக்கம் பச்சைமலை, கொல்லிமலை. இடப்பக்கம் தஞ்சைப் பக்கத்துப் பச்சை வயல்கள். அறுவடைக்கு முந்தைய தை மாதம் என்றால் இடப்பக்கம்தான். சென்னை - கொழும்புக்கு வலப்பக்கம். ராமேஸ்வரம் தீவும், தனுஷ்கோடியிலிருந்து மன்னார் வரை நீலத்துக்குள் வெளிர்பச்சையாக ஓடும் மணல்திட்டுகளும் அந்தப் பக்கம்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பி அதிகாலை போய்ச் சேரும் விமானத்தில் சூரிய உதயம் இடப்பக்கம், சற்று முன்னால். அங்கிருந்து மாலையில் திரும்பும் விமானத்தில் அஸ்தமனமும் இடப்பக்கமே. போக வர இரண்டுக்கும் 'ஏ'.

சீட்டைப் பிடிப்பதும் ஏறிய பிறகு செய்ய வேண்டியதும்

டிக்கெட் எடுக்கும்போதே சீட்டுக்குப் பணம் கட்டலாமா என்பது தடத்தைப் பொறுத்தது. காத்மாண்டு, லே, பாக்டோக்ராவுக்குக் கட்டுங்கள். மற்றவற்றுக்கு வெப் செக்-இன் திறந்தவுடன் போய்ப் பாருங்கள். பின்வரிசை ஜன்னல்கள் குறைந்த விலையில் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய நாள் விமான வகை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். ஏ320 ஏ321 ஆக மாறினால் உங்கள் 'இறக்கைக்குப் பின்னால்' சீட் இறக்கையின் மேல் வந்து நிற்கும்.

கிளம்பும் முன் போகும் வழியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஃபிளைட் மோடிலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஜன்னலை ஒட்டிப் பிடித்தால் கீழே ஓடும் ஆறு எது என்று பெயரோடு தெரிந்துவிடும். கண்ணாடியின் உள்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வையுங்கள், ஆனால் அழுத்த வேண்டாம். அதிர்வு படத்தைக் கலைக்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் ஜன்னலில் நிறநிறமாகக் கோலம் தெரியும், அதைக் கழற்றிவிடுங்கள். ஜன்னலின் அடியில் இருக்கும் குட்டி ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுத்தத்தைச் சமன் செய்ய வைத்தது, அதைச் சுற்றிப் படியும் பனிப்பூவும் சாதாரணம்.

லே, ஸ்ரீநகர், பாக்டோக்ரா போன்றவை விமானப்படைத் தளங்கள். அங்கே தரையில் படம் எடுக்கத் தடை. ஜன்னல் மூடியை இறக்கச் சொல்லி அறிவித்தால் இறக்கிவிடுங்கள்.

இரவு விமானத்தில் ஜன்னல் வீண் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது உள்விளக்கை அணைப்பார்கள்; அப்போது இரண்டு கையாலும் முகத்தின் ஓரத்தை மறைத்துக்கொண்டு கண்ணாடியை ஒட்டிப் பாருங்கள். சென்னையில் கடல் பக்கமிருந்து இறங்கும் இரவில், முதலில் கும்மிருட்டு, அதில் அங்கங்கே மீன்பிடிப் படகுகளின் ஒற்றை விளக்குகள், பிறகு வலப்பக்கம் கடற்கரைச் சாலையின் விளக்கு வரிசை. அதற்கும் எஃப் சீட்தான்.